மூன்று அறை, ஏழு மாதம்: பிரதேச சபைப் படியேறின கதை

போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், "வீட்டில ரெண்டு அறை சும்மா கிடக்குது, வெளிநாட்டுக்காரரை வைச்சிருக்க என்ன செய்யவேணும்?" என்று. ஒவ்வொருவருக்கும் அரை மணித்தியாலம் விளக்கித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஒரேயடியாக எழுதிவிடுகிறேன், இனிக் கேட்பவர்களுக்கு இதையே அனுப்பலாம்.

வீடு யாழ்ப்பாணத்தில், வலிகாமம் பக்கம். சின்னம்மாவின் நாற்சார் வீடு, 1960களில் கட்டினது; நடுவில் முற்றம், சுற்றிவர விறாந்தை, பின்னால் கிணறு, ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம். சின்னம்மா ரொறொன்ரோவில். வீட்டைப் பூட்டிவைத்தால் கறையான் தின்னும், அதனால் நானும் மனைவியும் ஒரு பக்கத்தில் இருந்துகொண்டு மற்றப் பக்கத்து மூன்று அறைகளையும் ஆட்களுக்கு விடலாம் என்று யோசித்தோம். சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் 2022 டிசெம்பரில் திரும்ப வரத் தொடங்கியிருந்தது, காங்கேசன்துறைக்குக் கப்பல் வரப்போகிறது என்று ஊரெல்லாம் கதை. 2023 மே மாதம் வேலையில் இறங்கினேன். நல்லூர்க் கந்தசாமி கோயில் கொடியேற்றத்துக்கு முதல் எல்லாம் முடிந்துவிடும் என்று சின்னம்மாவுக்குச் சொல்லியும் விட்டேன்.

முதல் நாளே பிழையான கட்டடத்துக்குப் போனேன். சிரிக்காதீர்கள், நிறையப் பேர் இன்னமும் பிரதேச செயலகத்தையும் பிரதேச சபையையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். செயலகம் அரசாங்கத்தின் நிர்வாகம். வியாபாரப் பெயரை அங்கேதான் பதிய வேண்டும், விதானையாரின் (கிராம அலுவலர்) உறுதிப்படுத்தலும் அந்தப் பக்கத்து வேலை. சபை என்பது நாங்கள் வாக்குப்போட்டுத் தெரிவுசெய்வது. கட்டட அனுமதி, வியாபார உரிமம், ஆதனவரி, குப்பை, தெருவிளக்கு, ஒழுங்கை எல்லாம் அவர்களுடையது. யாழ் மாவட்டத்தில் இப்படி ஒரு மாநகர சபை, மூன்று நகர சபை, 13 பிரதேச சபை என்று 17 இருக்கின்றன. உங்கள் வீடு எதற்குள் வருகிறது என்று ஆதனவரிப் பற்றுச்சீட்டைப் பார்த்தால் தெரியும். நான் அரை நாள் செயலகத்து வாங்கிலில் குந்தியிருந்துதான் இதைப் படித்தேன்.

சபையில் முன் மேசையில் ஒரு மிஸ். பழைய கலண்டர்த் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் என்னென்ன கடதாசி, எது முதல், எது பிறகு என்று வரிசையாக எழுதித் தந்தா. இன்றைக்கும் அந்தத் தாள் என் கோவையில் (ஃபைலில்) இருக்கிறது. முதலில் கட்டடத்துக்கு இணக்கச் சான்றிதழ், எல்லாரும் சி.ஓ.சி. என்றுதான் சொல்வார்கள். அதன் பிறகு சுகாதாரப் பரிசோதனையும் தண்ணீர் அறிக்கையும், பிறகுதான் சபையின் வியாபார உரிமம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு கொழும்பில் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்கு விண்ணப்பிப்பது. வீட்டுக்காரர் அங்கேயே குடியிருந்து அறை விடுவதை அவர்கள் ஹோம் ஸ்டே என்ற பிரிவில் பதிவார்கள். வரிசை மாறினால் ஒவ்வொரு இடத்திலும் திருப்பி அனுப்புவார்கள், அது நிச்சயம்.

இடிவிழுந்தது முதல் கடதாசியிலேயே. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "தம்பி, இந்த வீட்டுக்குப் பிளான் எங்க?"

"இல்லை சேர்."

"சபையில அனுமதி எடுத்ததெண்டு ஏதாவது?"

1960களில் கட்டின வீடு. அப்போது கிராமச் சபை. யுத்தத்தில் நாங்கள் எத்தனை தரம் இடம்பெயர்ந்தோம், சபையின் கோவைகளும் எங்களோடு சேர்ந்துதான் அலைந்தன. காணி உறுதி இருந்தது, அதுவும் சின்னம்மா சூட்கேசுக்குள் சேலைக்கு நடுவில் வைத்துக்கொண்டு திரிந்ததால். பிளான் என்று ஒன்று எங்கள் ஆட்களில் யாரும் கண்ணால் கண்டதில்லை. பழைய வீடு வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்த இடத்தில்தான் சிக்கும். அவர் சொன்ன வழி இதுதான்: உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு காணியை அளந்து படம் எடு, இருக்கிற வீட்டை இருக்கிறபடியே கீறுவித்துக் கொண்டு வா, சபை அதைப் பார்த்து, கட்டி முடிந்த கட்டடத்துக்கு உரிய கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு ஒப்புதல் தரும். அளவையாளருக்கு மூன்று கிழமை, படம் கீறுகிறவருக்கு நான்கு கிழமை. அவர் முதலில் கீறிக்கொண்டு வந்த படத்தில் முற்றத்தைக் காணவில்லை, நாற்சார் வீட்டை ஓட்டுக்கூரை போட்ட பெட்டியாக்கிவிட்டார்! திரும்பக் கீறுவித்தேன்.

அதுக்குள் நல்லூர் கொடியேறி, 25 நாளும் முடிந்து, கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த சனம் எல்லாம் வேறு வீடுகளில் நின்றுவிட்டுப் போய்விட்டது.

பிறகு பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். நான் அறைகளுக்கு வெள்ளை அடித்து, புதுக் கட்டில் விரிப்பெல்லாம் போட்டு வைத்திருந்தேன், மனுசன் அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பின்வளவுக்குப் போய் அளவுநாடாவின் ஒரு நுனியை என் கையில் தந்து கிணற்றுக்கட்டில் பிடிக்கச் சொன்னார், மற்ற நுனியோடு கத்தரிப் பாத்திக்கு மேலால் கடந்து மலக்குழி மூடிவரைக்கும் போனார். முப்பத்தெட்டு அடி. "அம்பதடியாவது வேணும், தம்பி" என்றார். நான் கொஞ்சம் வாக்குவாதப்பட்டேன், அறுபது வருசமாக இந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறோம் என்று. அவர் குனிந்து ஒரு சுண்ணாம்புக் கல்லை எடுத்துக் காட்டினார், முழுக்க ஓட்டை. "இதுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் இந்தக் கல்லுத்தான். குழியில விடுறது கிணத்துக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கும்? நீங்கள் நாலு பேர் இருந்த வீட்டில இனிப் பத்துப் பேர்." அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லாத ஊர், நிலத்தடி நீரை விட்டால் எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது? சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த நாட்களை யார் மறந்தார்கள்?

முன்பக்கத்தில் அடிபூசிய புது மலத்தொட்டி கட்டினேன். சீமெந்து விலை இன்னும் கூடவே நின்ற நேரம், 2 இலட்சத்து 80 ஆயிரம் முடிந்தது, இந்த முழுச் சடங்கிலும் பெரிய செலவு அதுதான். தண்ணீர் அறிக்கை முதல் தரம் பிழைத்தது, கிணற்றை இறைத்து, குளோரின் போட்டு, இரண்டாம் தரம் சரிவந்தது. விடுதி நடத்த நினைக்கிறவர்களுக்கு என் ஒரே புத்திமதி: பெயின்ற் வாங்க முதல் கிணற்றிலிருந்து குழிவரை அளந்து பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சோடு உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்துவிட்டது, தேர்தல் தள்ளிப்போனது, தவிசாளரும் இல்லை உறுப்பினரும் இல்லை, செயலாளர்தான் எல்லாம். என் கோவைக்கு அது நல்லதாகத்தான் போனது என்று நினைக்கிறேன், யாருடைய ஆள் என்று கேட்க ஒருவரும் இல்லை, கடதாசி சரியென்றால் கையெழுத்து. ஆனால் எங்கள் ஒழுங்கைக்கு ஒரு விளக்குக் கேட்டுப் போனபோது, "உறுப்பினர்மார் வந்தாப் பிறகு பாப்பம்" என்று அனுப்பிவிட்டார்கள். இருக்கிறதைச் சரிபார்க்க உத்தியோகத்தர் போதும்போல, புதிதாக ஒன்றைச் செய்யத்தான் ஆளில்லை.

ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து கப்பலும் வந்தது. என் கோவை அப்போதும் சபை மேசையில். வயிறெரிந்துகொண்டிருக்க, சில நாளிலேயே கப்பல் நின்றுவிட்டது (திரும்ப ஓடியது 2024 ஓகஸ்டில்). வெளியில் சொல்லக்கூடாது, கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

நவம்பர் கடைசியில் உரிமம் கையில். சந்தோசத்தில் அதைப் படம்பிடித்துச் சின்னம்மாவுக்கு அனுப்பினேன். அவதான் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டா, "என்னடா, டிசெம்பர் 31ஓட முடியுது?" உண்மைதான். உரிமம் எப்போது எடுத்தாலும் ஆண்டு முடிவோடு காலாவதி. ஒரு மாதத்துக்கு ஒரு வருசக் கட்டணம். பெரிய காசில்லை, ஆனாலும் கடுப்பு. கார்த்திகையில் முடிகிற நிலையில் இருந்தால் தைவரைக்கும் பொறுத்திருந்து எடுங்கள்.

இப்போது காசுக் கதை. இதற்குப் பயந்துதான் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் பதியாமல் அறை விடுகிறார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, சுற்றுலா அதிகார சபையில் பதிந்த விடுதியிடம் முந்திய ஆண்டு வரவில் 1 வீதத்துக்கு மேற்படாமல் உரிமக் கட்டணமாகச் சபை வாங்கலாம். "பதிஞ்சா வருசா வருசம் வெட்டுவாங்கள்" என்று எனக்கும் நிறையப் பேர் சொன்னார்கள். நான் கணக்குப் பார்த்தேன். ஆதனவரி ஆட்கள் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். வெள்ளைக்காரர் என் வீட்டில் நின்று சாப்பிட்டுப் படுத்ததால் சபைக்கு நேரடியாகக் கூடுகிற வரவு இந்த ஒரு வீதம்தான். அதையும் ஒளித்துவிட்டு, குப்பை எடுக்கவில்லை, விளக்கில்லை என்று நான் எந்த முகத்தோடு போய்ச் சண்டை பிடிப்பது? இப்போது சண்டை பிடிக்கிறேன், பற்றுச்சீட்டோடு.

சபைகளால் சுற்றுலாவுக்கு என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் ஒருதரம் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போய்வரலாம். அங்கே வாகனத்துக்கு ரிக்கெற் கிழிப்பது பிரதேச சபை. நல்லூர்த் திருவிழாவுக்குத் தெருவை மறித்து, கடைகளுக்கு இடம் பிரித்துக் கொடுப்பது மாநகர சபை. அந்த 25 நாளில் கச்சான் விற்பவரிலிருந்து ஓட்டோக்காரர்வரை எத்தனை பேர் உழைக்கிறார்கள்! ஆனால் திட்டம் என்று பேச வந்தால் எல்லாருக்கும் வரவேற்பு வளைவும் "ஐ லவ்" எழுத்தும்தான் நினைவுக்கு வருகிறது. என் வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர்கூட வளைவைப் பற்றிக் கேட்டதில்லை. மலசலகூடம் எங்கே என்று கேட்காத ஆளுமில்லை.

2025 மேயில் தேர்தல் நடந்து உறுப்பினர்கள் வந்தார்கள். எங்கள் வட்டார உறுப்பினர் ஒரு பின்னேரம் சைக்கிளில் வந்து, தேத்தண்ணி குடித்து, மாமரத்தைப் பார்த்து, விளக்கு எங்கே வேண்டும் என்று குறித்துக்கொண்டு போனார். இரண்டு மாதத்தில் வந்தது. நான் கேட்ட தூணில் இல்லை, அடுத்த தூணில், பரவாயில்லை. சந்தியில் அம்புக்குறி போட்ட பெயர்ப்பலகைக்கும் அனுமதி தந்தார்கள், அதற்கும் வருசக் கட்டணம் உண்டு.

குப்பைதான் இன்னும் முடியாத கதை. ஒழுங்கை ஒடுக்கம், உழவு இயந்திரம் திரும்ப இடமில்லை என்று சந்தியோடு நின்றுவிடுகிறது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு, உக்கிறது ஒரு வாளி, உக்காதது ஒரு வாளி என்று இரண்டையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போகிறேன். போன வெள்ளி வீட்டில் நின்ற ஜெர்மன்காரப் பெடியன் தானும் வருகிறேன் என்று ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து வந்தான். உழவு இயந்திரத்தில் நின்ற அண்ணை அவனுடைய வாளியை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார், "பாத்தியா, அவன்ர வாளியில ஒரு பிளாஸ்டிக்கும் இல்லை. உன்ரதில ரெண்டு சொப்பின் பை கிடக்குது."