வழியில் பேட்டரி படுத்துவிட்டால்

நெடும்பயணத்தில் வண்டி ஓடும்போது நிற்பது குறைவு. இரவு தங்கி, காலையில் பைகளையெல்லாம் கட்டி முடித்துச் சாவியைத் திருப்பும்போதுதான் மக்கர் பண்ணும். அப்போது வரும் சத்தத்தைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. 'டக்டக்டக்' என்று விடாமல் அடித்தால் ரிலே (செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) இழுக்கிறது, ஆனால் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்குப் போதுமான கரண்ட் போகவில்லை. பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் (பேட்டரியில் ஒயர் மாட்டும் முனை) லூஸ். ஒரே ஒரு 'டக்', ஹெட்லைட்டும் மங்கவில்லை என்றால் கோளாறு ரிலேயிலோ செல்ஃப் மோட்டாரிலோ இருக்கும். பேட்டரியை மாற்றிப் பயனில்லை. பைக்கில் விளக்கெல்லாம் எரிந்தும் சத்தமே இல்லையா? முதலில் கில் சுவிட்ச் (ஹேண்டில்பாரில் எஞ்சினை அணைக்கும் பொத்தான்), அடுத்து சைடு ஸ்டாண்ட், கிளட்ச் சுவிட்சுகள். பை இடித்துக் கில் சுவிட்ச் அணைந்திருப்பது சர்வசாதாரணம்.

டார்ச் இல்லாவிட்டாலும் பையில் வோல்ட் அளக்கும் சின்ன மல்டிமீட்டர் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இரவு முழுக்க நின்ற 12 வோல்ட் ஈய அமில பேட்டரியில் 12.6 காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். ஓட்டி நிறுத்தியவுடன் அளந்தால் எண் கூடுதலாகக் காட்டும், அதை நம்பாதீர்கள்.

நின்றபோது 12.6 காட்டி, செல்ஃப் அடித்ததும் 9.6க்கும் கீழே விழுந்தால் பேட்டரியின் ஆயுள் முடிகிறது. வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை நிற்க வேண்டும். ஆக்சிலரேட்டர் கொடுத்தும் 13ஐத் தாண்டாவிட்டால் காரில் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும், பைக்கில் அதே வேலை செய்யும் ஸ்டேட்டரையும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் பார்க்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி கொதித்து வீங்கும். இந்த இரண்டு நிலையிலும் புது பேட்டரி வாங்கிப் போடுவது காசுக்குப் பிடித்த கேடு.

அளவெல்லாம் சரி, ஆனாலும் செல்ஃப் இழுக்கவில்லை என்றால் டெர்மினலையும் பார்த்துவிடுங்கள். மீட்டரின் ஒரு ஒயர் முனையைப் பேட்டரியின் ஈயத் தலையிலும் இன்னொன்றை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இந்த இரண்டுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், வெள்ளையும் நீலமுமாகப் பூத்த உப்பு கரண்டைத் தடுக்கிறது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்தால், பிளஸ்ஸைக் கழற்றும் ஸ்பேனர் சேஸிஸில் பட்டுத் தீப்பொறி பறக்கும். வெந்நீரில் ஆப்பசோடா கரைத்துக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக மாட்டி, மேலே வாஸ்லின் தடவினால் போதும்.

இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுப்பதாக (அதன் பேட்டரியிலிருந்து ஒயர் வழியே கரண்ட் எடுத்து வண்டியைக் கிளப்புவதாக) இருந்தால், சிவப்பு ஒயரை முதலில் படுத்த பேட்டரியின் பிளஸ்ஸிலும் பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டுங்கள். கறுப்பு ஒயரை நல்ல பேட்டரியின் மைனஸ்ஸில் மாட்டி, கடைசி முனையைப் படுத்த வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில் கவ்வுங்கள். பேட்டரியிலேயே கவ்வினால், அங்கே கசியும் ஹைட்ரஜனில் தீப்பொறி பட்டுவிடும். கழற்றுவது தலைகீழ் வரிசையில். உதவிக்கு நிற்கும் லாரி 24 வோல்ட்டாக இருந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். பனிமலையில் சார்ஜ் இறங்கிய பேட்டரி உறைந்தும் போகும். பக்கவாட்டில் உப்பியிருந்தால் ஜம்ப் கொடுக்கவே கூடாது.

தினமும் காலையில் பார்க்கும்போது மட்டும் சார்ஜ் இறங்கியிருந்தால் சந்தேகம் டேஷ்கேம், டிராக்கர், யூஎஸ்பி சாக்கெட் மேல் விழ வேண்டும். பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்திருந்தால் வண்டி நின்றபோதும் அவை குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லியாம்ப் இழுத்தால் நாளுக்கு 1.2 ஆம்ப்ஹவர் (ஆம்ப்பை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) போகிறது. 9 ஆம்ப்ஹவர் பைக் பேட்டரியில் நான்கே நாளில் பாதிக்கு மேல் காலி. சாவி அணைந்தால் தானும் அணையும்படி ரிலே வழியாக இணைப்பதுதான் தீர்வு.

கைபேசி விஷயம் சுருக்கமானது. மேப் ஓடும்போது 0.5 ஆம்ப் யூஎஸ்பி போர்ட் ஈடுகொடுக்காது, ஏறுவதைவிட இறங்குவது அதிகமாகிவிடும். சார்ஜ் விட்டுவிட்டு ஏறினால் போர்ட்டில் சட்டைப்பைப் பஞ்சு அடைத்திருக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் எடுங்கள், ஊசி வேண்டாம். கடுங்குளிரில் 30 சதவீதத்திலேயே அணைந்துவிட்டால் பயப்பட வேண்டியதில்லை, உடம்புச் சூட்டில் வைத்தால் திரும்பி வரும். ஆனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜில் போடாதீர்கள். உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல்லை நிரந்தரமாகக் கெடுக்கும்.

10,000 எம்ஏஹெச் பவர் பேங்க் என்பது உள்ளிருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 37 வாட் ஹவர். 5 வோல்ட்டாக மாறி வெளியே வரும்போது சுமார் 6,500தான் கையில் கிடைக்கும். விமானத்தில் 100 வாட் ஹவர் வரை கைப்பையில் கொண்டுபோகலாம், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. வாட் ஹவர் அச்சிடாத பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கி வைத்துக்கொள்வதும் உண்டு.