குளோரியா அன்சால்டுவாவின் மண்ணில்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஆஸ்டினிலிருந்து தெற்கே காரை எடுப்பவர்களில் பலர் சவுத் பாட்ரே தீவின் கடற்கரைக்குத்தான் போவார்கள். நாங்கள் எடின்பர்க் வருவதற்கு முன்பே 281ஆம் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினோம். போக வேண்டிய ஊர் ஹார்கில். சிகானா (மெக்சிக வம்சாவளி அமெரிக்கப் பெண்) எழுத்தாளரும் பெண்ணியச் சிந்தனையாளருமான குளோரியா அன்சால்டுவா வளர்ந்தது அங்கேதான், அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேதான்.

டெக்சஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது அந்த ஊர். பள்ளத்தாக்கு என்கிறார்களே தவிர, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தட்டையான வயல்தான். பருத்தி, சோளம், நடுவே மெஸ்கீட் முள்மரங்கள். எந்நேரமும் காற்று அடித்துக்கொண்டே இருக்கிறது. அமெரிக்க-மெக்சிகப் போரை முடித்துவைத்த 1848 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆறு எல்லையாகிவிட, அதற்கு வடக்கே இருந்த மெக்சிகக் குடும்பங்கள் இருந்த இடத்திலேயே வேறு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். "நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது" என்று சிகானோ மக்கள் சொல்வது இதைத்தான். அன்சால்டுவாவின் குடும்பமும் அப்படிப்பட்டதுதான். 1942இல் பிறந்தார். அப்பா உர்பானோ குத்தகை விவசாயி. மகளுக்கு 14 வயதானபோது அவர் இறந்துவிட்டார். கல்லூரிக் காலம் வரைக்கும் அந்தப் பெண் வயல்வேலைக்குப் போனார். ராத்திரி போர்வைக்குள் டார்ச் லைட் அடித்துப் புத்தகம் படித்தார்.

ஹார்கிலில் பார்ப்பதற்கென்று பெரிதாக ஒன்றும் இல்லை. நேராக வாயே தே லா பாஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். எங்களை யாரும் தடுக்கவில்லை, எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவும் இல்லை. இதை ஏன் குறிப்பிட்டுச் சொல்கிறேன் என்றால், 1987இல் வெளிவந்த அன்சால்டுவாவின் 'பார்டர்லேண்ட்ஸ் / லா ஃபிரான்தெரா' (எல்லை நிலங்கள்) புத்தகத்தில் இன்னொரு கல்லறைத் தோட்டம் வருகிறது. அப்பாவைப் பெற்ற பாட்டியின் நிலமெல்லாம் கைவிட்டுப் போய், மிஞ்சியது 6 ஏக்கர் இடுகாடு மட்டும். அதன் கனிம உரிமைக்காகச் சில காலம் வருடத்துக்கு 12.50 டாலர் வந்துகொண்டிருந்தது. கணவர் பக்கத்தில் தன்னையும் புதைக்கச் சொல்லியிருந்தார் பாட்டி. ஆனால் சுற்றியிருந்த நிலத்துக்காரர்கள் வேலி போட்டு, சங்கிலியால் கட்டி, பூட்டும் போட்டுவிட்டார்கள். புதைப்பது இருக்கட்டும், உள்ளே போய்ப் பார்க்கக்கூட முடியவில்லை. அம்மா வழிப் பாட்டியின் நிலம் போனது வரி பாக்கியில். அவகாசம் கேட்க அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

அந்தப் பேத்தியின் கல்லறை முன்னால் நின்றபோது எனக்கு அந்தப் பூட்டு ஞாபகம்தான் வந்தது. அன்சால்டுவாவை மேற்கோள் காட்டும் கட்டுரைகள் உலகம் முழுக்க வருகின்றன. நானும் நிறையப் படித்திருக்கிறேன். பலவற்றில் 'எல்லை' என்பது வெறும் உருவகமாக, மனதுக்குள் நடக்கிற ஒன்றாக மெலிந்துபோகிறது. அவர் அதையும்தான் எழுதினார், மறுக்கவில்லை. பெண்களை நேசித்த பெண்ணாக, சொந்தச் சமூகத்துக்குள்ளேயே ஓரத்தில் நின்ற வலியைப் பற்றி ஒளிக்காமல் எழுதினார். ஆனால் அந்தச் சிந்தனை முளைத்தது பத்திரம், வரி, வேலி, பருத்திக் காடு இவற்றிலிருந்து. இங்கே வந்து நின்ற பிறகு எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

மதியம் எடின்பர்க். 1969இல் அவர் பட்டம் வாங்கிய பான் அமெரிக்கன் பல்கலைக்கழகம் இன்றைக்கு ரியோ கிராண்டே வேலி பல்கலைக்கழகத்துக்குள் அடக்கம். அங்கே படித்தபோது சிகானோ மாணவர்கள் எல்லோரும் 2 பேச்சு வகுப்புகளுக்குக் கட்டாயம் போக வேண்டியிருந்தது. எதற்கு? அவர்களுடைய ஆங்கிலத்தில் ஒட்டியிருந்த ஸ்பானிய வாடையைப் போக்குவதற்கு. அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில், விளையாட்டு நேரத்தில் ஸ்பானிஷ் பேசியதற்காக விரல் முட்டியில் ஸ்கேலால் 3 அடி வாங்கியவர் அவர். பதிலுக்கு அவர் எழுதிய புத்தகத்தில் ஆங்கிலமும் பல வகை ஸ்பானிஷும் கலந்தே ஓடுகின்றன, இடையில் மெக்சிகோவின் பூர்வகுடி மொழியான நாவாட்டில் சொற்களும் வருகின்றன. பல இடங்களில் விளக்கமே கிடையாது. புரியாவிட்டால் வாசகர்தான் மெனக்கெட வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தப் பிடிவாதம்தான்.

வளாகத்தில் நடந்தபோது மாணவர்கள் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியையும் கலந்து, உரக்கச் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

இவ்வளவு தூரம் வர முடியாதவர்கள் ஆஸ்டினிலேயே அவரைச் சந்திக்கலாம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் பென்சன் லத்தீன் அமெரிக்க நூலகத்தில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள், கடிதங்கள், சொற்பொழிவுகளுக்காக வரைந்த ஒளித்தாள் படங்கள் எல்லாம் இருக்கின்றன. முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சிகானா எழுத்தாளரான செர்ரீ மொராகாவோடு சேர்ந்து 1981இல் அவர் தொகுத்த 'திஸ் பிரிட்ஜ் கால்டு மை பேக்' நூலை முதலில் படித்துவிட்டுப் போனால் நல்லது. வெள்ளைப் பெண்களின் அனுபவத்தையே எல்லாப் பெண்களின் அனுபவமாகப் பேசிவந்த பெண்ணிய இயக்கத்தை, கறுப்பின, ஆசிய, பூர்வகுடி, லத்தீன் பெண்கள் நேருக்கு நேர் நிறுத்திக் கேட்ட புத்தகம் அது. 2004இல், முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் முன்பே சர்க்கரை நோயின் விளைவுகளால் அவர் இறந்துபோனார். அடுத்த வருடம், அவர் ஆய்வு செய்துவந்த கலிஃபோர்னியாவின் சாந்தா க்ரூஸ் பல்கலைக்கழகம் பட்டத்தை வழங்கியது. அதே 2005இல் எழுத்தாளர் நோர்மா கான்தூ தொடங்கிய அன்சால்டுவா ஆய்வுச் சங்கம் 'எல் முண்டோ சுர்தோ' (இடதுகை உலகம்) என்ற பெயரில் மாநாடுகள் நடத்திவருகிறது. அப்புறம், குழந்தைகளுக்காக அவர் எழுதிய இருமொழிப் படக்கதைகளும் உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள்.

ஒரு விஷயம், போகிறவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். திரும்பி வடக்கே வரும்போது ஃபால்ஃபூரியாஸுக்குத் தெற்கே எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி இருக்கிறது. ஆற்றிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேலே, நாட்டின் உள்ளே. வடக்கே போகிற வண்டிகள் எல்லாம் அங்கே நின்றுதான் போக வேண்டும். மோப்ப நாய் எங்கள் காரைச் சுற்றி வந்தது. "அமெரிக்கக் குடிமக்களா?" என்று கேட்டார் அதிகாரி. இல்லை என்று சொல்லி பாஸ்போர்ட்டையும் விசாவையும் நீட்டினோம். பக்கத்து வரிசையில் ஒரு பிக்கப் வண்டி. ஓட்டி வந்த வயதானவரிடமும் அதே கேள்வி. அவருடைய குடும்பம் 1848க்கு முன்பிருந்தே இந்த மண்ணில் இருக்கிறதோ என்னவோ. அவரும் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டியிருந்தது.