மீற்றர் என்று முடியும் சொற்கள்: ஆறு வாரக் கொப்பி

அக்காவின் மகள் தரம் 10 படிக்கிறாள். ஆங்கிலச் சொற்களை அகராதி வரிசையில் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். நானும் இரண்டு நாள் கூட இருந்து முயன்றேன். மூன்றாம் நாள் காலையில் பாதிக்குமேல் நினைவில் இல்லை. சரி, தலையை விட்டு வாலைப் பிடிப்போம் என்று ஒரு புதுக் கொப்பி வாங்கினேன். ஒரே ஈற்றில் முடியும் சொற்களை மட்டும் அதில் சேர்ப்பது என்று தீர்மானம். முதலில் எடுத்த வால் ‘மீற்றர்’.

தொடங்கியது என் மோட்டார் சைக்கிளில்தான். ஸ்பீடோமீற்றர், ஓடோமீற்றர், டக்கோமீற்றர் என்று மூன்று அதிலேயே இருக்கின்றன. வால் கிரேக்கத்து ‘மெத்ரோன்’, அதாவது அளவு. ‘ஹொடோஸ்’ என்றால் வழி. ஓடோமீற்றர் போன வழியை அளக்கிறது. ‘டாக்கோஸ்’ என்றால் வேகம். அப்படியென்றால் டக்கோமீற்றரும் ஸ்பீடோமீற்றரும் சொல்லளவில் ஒன்றுதான். ஆனால் ஸ்பீடோமீற்றர் வண்டியின் வேகத்தைக் காட்டுகிறது, டக்கோமீற்றர் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுகிறது. இத்தனை வருடமாக இரண்டு முள்ளையும் பார்த்துக்கொண்டே ஓடியும் இது எனக்குத் தோன்றியதில்லை.

இரண்டாம் வாரம் சொற்கள் வேகமாகச் சேர்ந்தன. எங்கள் திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு. எது சூடு கூட, எது குறைவு என்று கையை விட்டே சொல்லிவிடுவோம். எத்தனை பாகை என்று சொல்லத் தெர்மோமீற்றர் வேண்டும். வாடைக்காற்றுக்கு அனெமோமீற்றர், ‘அனெமோஸ்’ என்றால் காற்று. காற்றின் ஈரத்துக்கு ஹைக்ரோமீற்றர்.

பாரோமீற்றரில் மட்டும் மூன்று நாள் நின்றுவிட்டேன். ‘பாரோஸ்’ என்றால் கனம். 1643இல் இத்தாலியில் தொரிசெல்லி பாதரசக் குழாயை வைத்துச் செய்த சோதனையில், வெளியிலுள்ள காற்றின் கனம் பாதரசத்தை ஏறத்தாழ 76 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தாங்கி நின்றது. எங்கள் பாடநூலிலும் அதன் பெயர் பாரமானி. பாரோஸும் பாரமும் ஒரே சொல் என்று மகிழ்ச்சியோடு எழுதிவைத்தேன். தேடிப் பார்த்தபோது அது தவறு. பாரோஸுக்கு உறவான வடசொல் ‘குரு’, கனமானது என்ற பொருளில். பாரம் வந்தது சுமத்தல் என்ற வேறொரு வேரிலிருந்து. ஒலி ஒத்துப்போனது தற்செயல். அந்த வரியை வெட்டிவிட்டு, பக்கத்திலேயே பெடோமீற்றரை எழுதினேன். நடையை எண்ணும் கருவி அது. அதிலுள்ள இலத்தீன் ‘பெட்’டும் நம் வாயில் புழங்கும் ‘பாத’மும் உண்மையாகவே ஒரு வேர்ச் சொற்கள். ஆகவே காது சொல்வதை உடனே நம்பாமல், ஒவ்வொன்றாகத் தேடித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான்காம் வாரம் எழுத்துக்கூட்டல். நாங்கள் படிக்கும் பிரித்தானிய முறையில் அலகு என்றால் கடைசி இரண்டு எழுத்து ‘ஆர், ஈ’. கருவி என்றால் ‘ஈ, ஆர்’. தமிழில் எழுதும்போது இந்த வேறுபாடு தெரியாது. இதை அவளுக்குக் காட்டத் தெரிந்தவரின் லேத் கடைக்குக் கூட்டிப்போனேன். மைக்ரோமீற்றரின் வாய்க்குள் கொப்பித் தாள் ஒன்றை வைத்து, பின்பக்கத் திருகை டிக் டிக் என்று கேட்கும்வரை திருப்பச் சொன்னேன். 0.08 மில்லிமீற்றர் காட்டியது. அதாவது 80 மைக்ரோமீற்றர். மைக்ரோமீற்றரால் அளந்து மைக்ரோமீற்றரில் விடை! கருவியின் பெயரைச் சொல்லும்போது அழுத்தம் நடுவிலுள்ள ‘க்ரொ’வில் விழும், அலகுக்கு முதலிலேயே விழும். பாடநூலில் கருவி நுண்மானி, அலகு மீற்றர். இந்த இடத்தில் தமிழ்தான் தெளிவு.

மீற்றர் என்ற அலகே 1790களில் பிரான்சில் வந்தது. துருவத்திலிருந்து மத்திய கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்று வைத்தார்கள். திருகோணமலை வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. 90 பாகைக்கு 10,000 கிலோமீற்றர் என்றால், மத்திய கோட்டிலிருந்து நாங்கள் சுமார் 950 கிலோமீற்றர். கொப்பி ஓரத்தில் இந்தக் கணக்கைப் போட்டது அவள்தான்.

அப்புறம் ஒரு நாள் கேட்டாள்: “மாமா, டயமீற்றர், பெரிமீற்றர் எல்லாம் கருவி இல்லையே?” உண்மைதான். ‘டயா’ ஊடாக, ‘பெரி’ சுற்றி. விட்டமும் சுற்றளவும் அளக்கப்படுபவை. அவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கினோம். அங்கேதான் பென்டமீற்றரும் வந்தது, ஐந்து சீர் கொண்ட ஆங்கிலச் செய்யுள் அடி. செய்யுளுக்கும் அளவுதானே என்று தேடப்போய், எனக்கு மிகவும் பிடித்த உறவு கிடைத்தது. மெத்ரோனும் வடமொழி ‘மாத்ரா’வும் அளத்தல் என்ற ஒரே வேரில் பிறந்தவை. அந்த மாத்ராதான் நம் மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தமிழ்ப் பாடத்தில் நாங்கள் எண்ணிய அதே மாத்திரை. மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரையும் அளவாகத் தரப்பட்டதுதான். இரவு பத்தரை மணிக்கு அக்கா வீட்டுக்கு அழைத்து இதைச் சொன்னேன்.

இன்றைக்குக் கொப்பியில் 34 சொல். புதுப் பக்கத்தில் அவள் ‘ஸ்கோப்’ என்று தலைப்பிட்டிருக்கிறாள். டெலஸ்கோப், மைக்ரோஸ்கோப், பெரிஸ்கோப் மூன்றும் பார்க்கிற கருவிகள். ஸ்டெதஸ்கோப் காதில் வைத்துக் கேட்பது, அதற்கு ஏன் அந்த வால் என்று பக்கத்தில் பெரிய கேள்விக்குறி. இந்த வாரம் அதைத் தேட வேண்டும்.