எழுத்து உடையாமல் ஊர்த்தளத்தைத் தனிச் சேவையகத்துக்கு மாற்றிய அனுபவம்

யாழ்ப்பாணத்தில் ஊருக்கொரு இணையத்தளம் இருப்பது புதினமல்ல. மரண அறிவித்தல், கோயில் திருவிழாப் படங்கள், பாடசாலைச் செய்திகள் என்று எங்கள் தளமும் அப்படித்தான். வாசிப்பவர்களில் பெரும்பாலோர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். தேர், தீர்த்த நாட்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்துவிடுவார்கள். பலரும் பங்குபோடும் மலிவான வழங்கியில் இருந்ததால், அந்த நாட்களில்தான் பழைய நிறுவனம் எங்கள் கணக்கை நிறுத்தி வைத்தது. கனடாவில் இருக்கும் ஊரவர்கள் மாதக் கட்டணத்தைப் பொறுப்பேற்க, ஜேர்மனியில் உள்ள ஒரு தரவு மையத்தில் தனிச் சேவையகம் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். மென்பொருள் நிறுவும் வேலை என்னிடம் வந்தது.

சேவையகத்தில் மென்பொருள் நிறுவுவது பற்றி ஆங்கிலத்தில் வழிகாட்டிகள் ஏராளம். ஆனால் பழைய தமிழ்த் தளம் வைத்திருப்பவருக்கு வரும் பெரிய சிக்கலை அவை தொடுவதில்லை. அதைத்தான் விரிவாக எழுத விரும்புகிறேன். மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். இரண்டு வன்வட்டுகளை ரெய்டு 1 முறையில் இணைத்தேன். ஒன்று பழுதானாலும் மற்றதில் தளம் ஓடும். ஆனால் இது காப்புப் பிரதி ஆகாது. ஒரு கோப்பை அழித்தால் இரண்டு வட்டிலும் அதே கணத்தில் அழிந்துவிடும். தூரத்திலிருந்து சேவையகத்துக்குள் நுழையும் பாதுகாப்பான வழியான எஸ்எஸ்எச் மூலம் உள்ளே போக சாவிக் கோப்பு உருவாக்கி, கடவுச்சொல் நுழைவை மூடினேன். இந்த மாற்றத்தைச் செய்யும்போது பழைய இணைப்பைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, இன்னொரு சாளரத்தில் புதிய நுழைவைச் சோதிக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் தீயரணில், எஸ்எஸ்எச்சுக்கான 22, வலைப்பக்கங்களுக்கான 80, 443 ஆகிய மூன்று வாயில்களை மட்டும் திறந்துவிட்டேன். எங்கள் பக்கம் மின்சாரம் நின்றால் இணைப்பும் போய்விடும். ஆகவே நீண்ட வேலைகள் எல்லாவற்றையும் டிமக்ஸ் என்ற கருவிக்குள் ஓடவிட்டேன். இங்கே இணைப்பு அறுந்தாலும் அங்கே வேலை தொடரும். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு தூரத்துச் சேவையகத்தைக் கையாளும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பக்கங்களை அனுப்பும் என்ஜின்எக்ஸ், மைஎஸ்கியூஎல் வழிவந்த தரவுத்தளமான மரியாடிபி 10.11, தளத்தின் நிரல்மொழியான பிஎச்பி 8.2 மூன்றும் டெபியன் களஞ்சியத்திலிருந்தே வந்தன. எங்கள் தளத்தின் நிரல் மிகப் பழையது. தரவுத்தளத்தோடு பேச அது பயன்படுத்திய செயற்கூறுகள் 2015இல் வந்த பிஎச்பி 7இலேயே நீக்கப்பட்டவை. இணைப்புப் பகுதியைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது.

இனித் தரவுத்தளம். பழைய வழங்கியிலிருந்து வழக்கமான முறையில் எடுத்த பிரதியைப் புதியதில் ஏற்றிப் பார்த்தால், ஒவ்வொரு தமிழ் எழுத்தும் மூன்று குப்பைக் குறிகளாக நின்றது. தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், பிறகு ஏதோ ஒரு குறி. பழைய தளத்தில் அதே பக்கம் அழகாகத் தமிழில் தெரிகிறது. காரணம் இதுதான்: பழைய மைஎஸ்கியூஎல் அட்டவணைகள் இயல்பாகவே லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான தொகுதி) என்று குறிக்கப்பட்டவை. தளமோ அவற்றுக்குள், யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 பைட்டுகளைப் போட்டு வைத்திருந்தது. உள்ளே போன வழியாகவே வெளியே வந்ததால் இத்தனை ஆண்டுகளாக எவருக்கும் தெரியவில்லை. பிரதி எடுக்கும் கருவி அந்தப் பைட்டுகளை லத்தீன் எழுத்துகள் என்று நம்பி, இன்னொரு முறை யூடிஎஃப்-8 ஆக மாற்றிவிடுகிறது.

தீர்வு: பிரதி எடுக்கும்போது எழுத்துத் தொகுதி லத்தீன்1 என்றே சொல்ல வேண்டும். அப்போது பைட்டுகள் மாறாமல் அப்படியே வரும். எழுத்துத் தொகுதியை அறிவிக்கும் வரியைக் கோப்பில் சேர்க்க வேண்டாம் என்றும் கட்டளையில் சொல்ல வேண்டும். பிறகு அட்டவணை வரையறைகளில் லத்தீன்1 என்று இருக்கும் இடத்தையெல்லாம் யூடிஎஃப்8எம்பி4 (முழு யூடிஎஃப்-8க்குத் தரவுத்தளத்தில் உள்ள பெயர்) என்று மாற்றி, அதே தொகுதியைக் குறிப்பிட்டு ஏற்ற வேண்டும். தளத்தின் நிரலும் யூடிஎஃப்8எம்பி4 இணைப்பையே கேட்க வேண்டும்.

தமிழ் வந்துவிட்டது, ஆனால் சில பதிவுகள் ஏற மறுத்தன. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு. மெய்க்கும் உயிர்மெய்க்கும் புள்ளியும் கொம்பும் தனிக் குறிகள். 'சிவசுப்பிரமணியம்' என்ற பெயர் மட்டுமே 48 பைட்டு. எங்கள் தலைப்புப் புலத்தின் அளவு 255. லத்தீன்1 அட்டவணையில் அது 255 பைட்டுத்தான். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், வாழ்க்கைத்துணையின் பெயர் எல்லாம் சேர்ந்த மரண அறிவித்தல் தலைப்பு அதற்குள் அடங்காது. பழைய தரவுத்தளம் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. சில இடங்களில் ஓர் எழுத்தின் நடுவிலேயே. அரை எழுத்தைப் புதிய மரியாடிபி ஏற்றுக்கொள்ளாது.

அந்தக் கண்டிப்பை அணைத்துவிடும்படி பலர் ஆலோசனை சொல்வார்கள். அணைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வெட்டுப்பட்ட பெயர்கள் எவை என்று காட்டிக்கொடுப்பதே அதுதான். ஒரு வரிக்கு ஒரு பதிவு வரும்படி பிரதி எடுத்து, பிழை வந்தாலும் தொடரச் சொல்லி ஏற்றினேன். பிழைச் செய்திகளே திருத்த வேண்டியவற்றின் பட்டியல் ஆகிவிட்டன. எழுத்தின் எல்லையில் சரியாக வெட்டுப்பட்டவை பிழை காட்டாது. அவற்றைப் பிடிக்க, நீளம் சரியாக 255 பைட்டு உள்ள தலைப்புகளைத் தனியே தேடினேன்.

விடுபட்ட பகுதியை எந்தக் கட்டளையும் மீட்டுத் தராது. எங்கள் வாசிகசாலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பட்டியலைக் காட்டியதும், "ஊகித்து எழுதவேண்டாம் தம்பி. அவர்கள் வீட்டில் கல்வெட்டு இருக்கும், வாங்கித் தருகிறேன்" என்றார். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சிடும் அந்தச் சிறு புத்தகங்களில் முழுப் பெயரும் வம்சாவளியும் இருக்கும். அவர் ஒன்றொன்றாகக் கொண்டுவந்து தர, நான் தலைப்புகளை நிரப்பினேன். மாஸ்டர் இல்லாமல் இந்த வேலை முடிந்திருக்காது.

தளத்தின் பெயர் எந்தச் சேவையகத்துக்குப் போகும் என்று சொல்லும் பெயர்ச்சேவையகத்தில் முகவரியை மாற்றுவதற்கு முன், அதே வேலையை ஒரு கணினிக்கு மட்டும் செய்யும் ஹோஸ்ட்ஸ் கோப்பில், என் கணினியில் மட்டும் புதிய முகவரியைப் போட்டுத் தளத்தை முழுவதும் பார்த்துக்கொண்டேன். பழைய முகவரியை மற்றக் கணினிகள் நினைவில் வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பு நேரத்தை முதல் நாளே 300 வினாடியாகக் குறைத்திருந்தேன். மாற்றியது இங்கே நண்பகலில்; கோடைகாலத்தில் அது ரொறன்ரோவில் அதிகாலை 2.30. தளத்துக்கான பாதுகாப்புச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சேவையில் எடுத்தோம்; நாங்கள் எடுத்தது 90 நாளுக்கானது. சேர்ட்பொட் என்ற கருவி அதைத் தானாகவே புதுப்பிக்கிறது. மின்னஞ்சலைச் சேவையகத்தில் வைக்கவில்லை. புதிய முகவரியிலிருந்து போகும் கடிதங்கள் குப்பைப் பெட்டியில் விழும் வாய்ப்பு அதிகம்.

காப்புப் பிரதி இரவுதோறும் வீட்டு வன்வட்டுக்கு வருகிறது. அதை மடிக்கணினியில் ஏற்றி, ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிப் பக்கம் வருகிறதா என்று பார்த்த பிறகே பழைய வழங்கியை முடித்துக்கொண்டோம்.

மீதமிருப்பவை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த மிகப் பழைய பக்கங்கள். அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் உண்டு. ஆனால் இடையில் வரும் ஆங்கிலப் பெயர்களையும் தொலைபேசி எண்ணுக்கு முன் உள்ள ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழாக நினைத்துச் சிதைத்துவிடுகின்றன. ஆகவே ஆங்கிலத் துண்டுகளை முதலில் அடையாளமிட்டுப் பிரித்து, மற்றதை மட்டும் மாற்றி, மறுபடி சேர்க்கிறோம். திருவிழாவுக்கு முன் அதை முடிக்க மாஸ்டரும் இரண்டு உயர்தர மாணவர்களும் வாசிகசாலையில் மாலை நேரங்களில் உட்காருகிறார்கள்.