பீடத்தைப் பார், பெயர் தெரியும்

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கிறது மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இந்த ஊரில்தான். பார்சுவநாதர் கோயிலுக்குள் போனால் தீர்த்தங்கரர் திருமேனிகள். சமணர்கள் வணங்கும் 24 அருகர்கள்தான் தீர்த்தங்கரர்கள். எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே அமைதி, உடம்பில் ஒரு நகை கிடையாது. புதிதாக வருபவர் யாரை யார் என்று சொல்வார்?

அதற்குத்தான் லாஞ்சனம், பீடத்தில் இருக்கும் சின்னம். எனக்கு முன்னால் ஒரு பாட்டி பேத்திக்குப் பாடமே நடத்திக்கொண்டிருந்தார்.

“கீழே பாரு கண்ணு, பீடத்துல என்ன இருக்கு?”

“குதிரை.”

“அப்போ சம்பவநாதர். கும்பிட்டுக்கோ.”

கட்டைவிரல் நகம் அளவுதான் அந்தக் குதிரை. அபிஷேகம் பட்டுப் பட்டுக் கால்கள் தேய்ந்துவிட்டன. பிள்ளை கண்டுபிடித்ததே பெரிய விஷயம். காளை என்றால் ரிஷபர், யானை அஜிதர், பிறை சந்திரப்பிரபர், ஆமை முனிசுவிரதர், சிங்கம் மகாவீரர். வாசுபூஜ்யருக்கு எருமை, விமலநாதருக்குப் பன்றி. நாம் திட்டுவதற்கு வைத்திருக்கும் இரண்டுக்கும் இங்கே பகவான் காலடியில் இடம்! பார்சுவநாதருக்கு மட்டும் குனிய வேண்டாம். தலைக்கு மேலேயே பாம்பு படமெடுத்து நிற்கிறது.

மயிலாப்பூரில் இருந்த நேமிநாதரைக் கடலுக்குப் பயந்து இந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். அவர் சின்னம் சங்கு. கண்ணனின் ஆயுதசாலையில் புகுந்து பாஞ்சசன்னியத்தையே எடுத்து ஊதியவர். அப்புறம் தன் கல்யாண விருந்துக்கு அடைத்து வைத்திருந்த விலங்குகள் கதறுவதைக் கேட்டு, மணம் வேண்டாம் என்று துறவு பூண்டார். அந்தச் சங்கொலியைவிட இந்தக் கதறல்தான் எனக்கு மனதில் நிற்கிறது.

அங்கிருந்து திருநாதர்குன்று. செஞ்சி அருகே சிங்கவரம் பக்கம். பெரிய பாறை ஒன்றில் மேலே 12, கீழே 12 என 24 தீர்த்தங்கரர்களும் அமர்ந்திருக்கிறார்கள். பழக்கதோஷம், பீடத்தில் காளை, யானை என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. பழைய சிற்பங்கள் பலவற்றில் லாஞ்சனம் இருக்காது. சரி என்று ரிஷபரில் தொடங்கி மகாவீரர் வரை பெயர்களை மட்டும் வரிசையாகச் சொல்லி வணங்கினேன்.

57 நாள் உண்ணாநோன்பிருந்து சந்திரநந்தி ஆசிரியர் உயிர்நீத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டும் இந்தக் குன்றில்தான். அதையும் பார்த்துவிட்டு இறங்குங்கள். காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. உச்சி வெயிலில் பாறையில் கால் வைக்க முடியாது.