256 பைட்டுக்குள் ஒரு குளம்

பெப்ரவரி 9, 2025, ஞாயிறு

பதினொன்றரை மணிபோல கரண்ட் போனது. வழமையான வெட்டு என்று நினைத்துக் கடையில் குந்திக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, நாடு முழுக்க இல்லையாம். பாணந்துறையில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் கொழுவுப்பட்டதாம், அமைச்சரே சொல்லியிருக்கிறார். இலங்கைக்கும் குரங்குக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறதுதானே.

மேசையில் திருத்த வந்த லப்டொப் நாலு. தொட வழியில்லை. பின்னறையை ஒதுக்கினேன். உரப்பையால் மூடிக் கிடந்த பென்டியம் மெசின் வெளியே வந்தது, கூடவே அந்தக் கனத்த பெட்டி மொனிற்றரும். தூசி தட்டி வைத்துவிட்டு, கரண்ட் வந்த கையோடு போட்டுப் பார்த்தேன். விண்டோஸ் 98 எழும்பிவிட்டது! இந்த வருசம் வாங்கிய போனுக்கு இவ்வளவு ஆயுசு இருக்குமோ தெரியாது.

இதே மாதிரி ஒரு மெசினில்தான் 2003 இல் அதைப் பார்த்தேன். யுத்தத்தில் மூடிக் கிடந்த ஏ9 பாதை திறந்து ஒரு வருசம். கிளிநொச்சியில் கொம்பியூட்டர் வகுப்பு, ஒரு மெசினுக்கு மூன்று பேர். வெளியிலிருந்து வந்த ஒருவர் தந்த சீடியில் ஒரு ஃபைல், 64 கிலோபைட்டுக்குள். தட்டினால் முப்பரிமாணக் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன, பாட்டும் சேர்ந்து. ஃபார்பிரவுஷ் என்ற ஜெர்மன் குழு 2000 ஆம் ஆண்டு டென்மார்க்கில் போட்டிக்கு வைத்த ‘தி புறொடக்ட்’ அது என்று பிறகு அறிந்தேன். வகுப்பில் நாங்கள் கீறின ஒரு வீட்டுப் படமே அதைவிடப் பெரிய ஃபைல். எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று சீடி முழுக்கத் தேடினோம். ஒளிக்கவில்லை. உள்ளே படமே இல்லை. படத்தைச் செய்கிற முறைதான் இருந்தது.

பெப்ரவரி 16, ஞாயிறு

மருமகள் அறிவியல் நகரிலிருந்து வந்தாள். அங்கே பொறியியல் படிக்கிறாள். பென்டியத்தைப் பார்த்து, “மாமா, உதை இன்னும் எறியேல்லையே?” என்றாள். டெமோசீன், அதாவது சின்னப் புரோகிராமாலேயே படமும் பாட்டும் செய்து காட்டுகிற கலை, அதைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, தேத்தண்ணி ஆறிப்போகும்வரை கதைத்தேன்.

கதை களவில் தொடங்குகிறது. 1982 இல் கொமடோர் 64 என்ற வீட்டுக் கொம்பியூட்டர் வந்தது, 64 கிலோபைட் நினைவகம், மூன்று குரல் பாடும் சிட் சிப். விளையாட்டுகளின் பூட்டை உடைத்துப் பகிர்ந்த ஐரோப்பியப் பெடியள், தாங்கள்தான் உடைத்தோம் என்று காட்ட, விளையாட்டுக்கு முன்னால் ஒரு சின்ன அறிமுகத்தை ஒட்டினார்கள். பெயர் ஓடும், நிறக்கோடு ஆடும், பாட்டு வரும். காலப்போக்கில் விளையாட்டைவிட ஒட்டினது வடிவாகிவிட்டது. பூட்டும் உடைப்பும் ஒருபக்கம் போக, அறிமுகமே தனிக்கலை ஆனது. பிறகு அமிகா, பிறகு பீசி. பின்லாந்தின் ஃபியூச்சர் குறூ 1993 இல் அசெம்பிளி விழாவில் காட்டிய ‘செக்கன்ட் றியாலிற்றி’யோடு பீசியையும் மதிக்கத் தொடங்கினார்கள். 2020 இல் பின்லாந்தும் 2021 இல் ஜெர்மனியும் இதைத் தங்கள் நாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தன.

கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “உதால ஏதும் வருமானம் வருமோ?”

“இல்லையம்மா.”

“அப்ப கோயில் வேலை மாதிரி.”

நான் இருபது வருசமாகத் தேடிய விளக்கம்.

மார்ச் 1, சனி

முடிவெடுத்தாயிற்று. இந்த பென்டியத்தில் ஓடக்கூடிய 256 பைட் அறிமுகம் ஒன்று. காட்சி: பின்னேர வெய்யிலில் இரணைமடுக் குளத்துத் தண்ணி. 256 பைட் ஒரு தனிப் போட்டிப் பிரிவு, நான் கண்டுபிடித்த அளவில்லை. தமிழில் எழுதினால் 85 எழுத்துக்கூட வராது, யூனிகோடில் எழுத்துக்கு மூன்று பைட், குற்றும் விசிறியும் தனித்தனியே கணக்கு.

காலை வகுப்புப் பிள்ளைகளுக்கு முதலில் இதைக் காட்டினேன். திரையில் 320 புள்ளி அகலம், 200 வரிசை. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் நிரல் எண்ணையும் வரிசை எண்ணையும் இரும எண்ணாக எடுத்து ‘அன்ட்’ போடு, இரண்டிலும் ஒன்று இருக்கிற இடத்தில் மட்டும் ஒன்று வரும். விடை பூச்சியமென்றால் வெள்ளை, இல்லாவிட்டால் கறுப்பு. அவ்வளவுதான். திரை முழுக்க முக்கோணத்துக்குள் முக்கோணம், அதற்குள்ளும் முக்கோணம். தர்மபுரத்துப் பெடியன் ஒருவன் எழும்பி மொனிற்றருக்குக் கிட்ட வந்து, “சேர், முக்கோணம் எந்த வரியில எழுதியிருக்கு?” என்று கேட்டான். ஒரு வரியிலும் இல்லை. சாதாரண தரப் பாடத்திட்டத்தில் ‘அன்ட்’ வாயிலுக்கு ஒரு உண்மை அட்டவணை இருக்கிறது, நாலு வரி. நானும் பல வருசம் அதைப் பாடமாக்க வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மார்ச் 15, சனி

391 பைட். 135 பைட் கூட.

எழுதுவது லப்டொப்பில், பழைய டொஸ் புரோகிராம்களை ஓட்டுகிற டொஸ்பொக்ஸ் போட்டு. எழுதுகிற வேலை இரண்டு நாளில் முடிந்தது, மிச்ச நாள் எல்லாம் கழிக்கிற வேலை. திரைநினைவகம் இருக்கும் இடத்தைக் காட்ட நான் நாலு பைட் செலவழித்திருந்தேன். பழைய ஆட்கள் இரண்டில் முடிக்கிறார்கள். டொஸ் ஒவ்வொரு புரோகிராமுக்கும் முன்னால் 256 பைட்டில் ஒரு குறிப்பேடு வைக்கும். அதன் தொடக்கத்தில் தற்செயலாகக் கிடக்கிற ஒரு எண், திரைநினைவகத்துக்குச் சரியாக 16 பைட் முன்னால் காட்டும். அதையே தூக்கிப் போட்டால் படம் 16 புள்ளி நகர்ந்து நிற்கும். தண்ணியில் 16 புள்ளி நகர்ந்ததை எந்தக் கொக்கு கண்டுபிடிக்கும்?

இன்னொன்று, இதை நினைத்து நேற்றிரவு நித்திரை வரவில்லை. திரைநினைவகம் ஒரே நீட்டு வரிசை, 0 முதல் 63999 வரை. எந்தப் புள்ளி எந்த வரிசையில் என்று அறிய 320 ஆல் வகுக்கவேண்டும். அதற்குப் பதிலாக 52429 ஆல் பெருக்கு, விடையின் கீழ்ப்பாதி 16 பிட்டை எறி. மிஞ்சுவது முதல் எண்ணின் 0.8 மடங்கு. 320 இன் 0.8 மடங்கு 256. ஆகவே மிஞ்சிய எண்ணின் மேல் பைட் வரிசை, கீழ் பைட் நிரல். ஒரே பெருக்கலில் இரண்டும். இதை முதலில் கண்டவருக்கு நான் கோயில் கட்டுவேன், அம்மா சொன்னது சரி.

மார்ச் 23, ஞாயிறு

318.

மருமகளோடு வாக்குவாதம். ஐயாவின் பழைய டைனமோவைப் பின்னறையில் கண்டுவிட்டாள். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றறி வரக்கூடாது. ஐயா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் இழுப்பார். இரவு பிபிசி தமிழோசை நேரம் பெடலைச் சுற்றுகிறது என் வேலை. அயலட்டையில் பத்துப் பதினைஞ்சு பேர் வந்து குந்தியிருப்பார்கள். கை உளைந்து நான் மெதுவாக்கினால் செய்தி வாசிக்கிறவரின் குரல் அமுங்கும், உடனே எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஊரெல்லாம் ஐயாவிடம்தான் றேடியோ திருத்தக் கொண்டுவரும்.

“மாமா, அப்ப அதுவும் டெமோசீன்தானே? குறைஞ்ச சாமானில கூடின வேலை.”

எனக்குச் சுருக்கென்றது. இல்லை என்றேன். 256 என்ற வேலியை அவர்கள் தாங்களே போட்டார்கள். ஏலாவிட்டால் நாலு கிலோபைட் பிரிவுக்குப் போகலாம், இல்லாவிட்டால் படுக்கப் போகலாம். எங்களைச் சுற்றியிருந்த வேலியை நாங்கள் போடவில்லை. மண்ணெண்ணெயில் மோட்டச்சைக்கிள் ஓட்டினது கலை இல்லை, ஆசுப்பத்திரிக்குப் போக வேறு வழி இல்லை. கஷ்டத்தைக் கெட்டித்தனமாகக் கதைக்கிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது.

அவள் ஒன்றும் பேசவில்லை. போகும்போது, “2002 இல தடை எடுத்த பிறகு தாத்தா இதை எறிஞ்சவரோ?” என்று மட்டும் கேட்டாள்.

எறியவில்லை. கடையில் பற்றறி குவிந்து கிடந்த காலத்திலும் அந்த மனிசன் கொயிலைக் கழற்றிக் கழற்றிச் சுற்றிக்கொண்டிருந்தார். மெதுவாகச் சுற்றினாலும் குரல் அமுங்கக்கூடாதாம். ஒருவரும் கேட்கவில்லை, ஒரு தேவையும் இல்லை.

இதை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 5, சனி

சத்தம் போட்டாயிற்று. பென்டியத்துக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கர் இருக்கிறது, ‘பீப்’ என்று மட்டும் கத்தும். மெசினின் மணிக்கூடு செக்கனுக்கு 18.2 தரம் துடிக்கும். அந்த எண்ணிக்கையின் சில பிட்டுகளை ‘அன்ட்’ பண்ணி ஸ்பீக்கரைத் திறந்து மூடினால் தாளம். முதலில் பல்லி கத்தினமாதிரி. பிட்டை மாற்றி மாற்றிப் பார்த்ததில் ஒரு இடத்தில் பறையின் தாளம்போல ஒன்று விழுந்தது. பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, “தம்பி, ஆருக்கு என்ன நடந்தது?” என்று கேட்டார். இங்கே அந்தத் தாளத்துக்கு முதல் அர்த்தம் செத்தவீடுதான். பிட்டை மாற்றினேன்.

271.

ஏப்ரல் 14, திங்கள்

வருசப்பிறப்பு. மருத்துநீர், பொங்கல், கைவிசேஷம். மருமகள் 256 ரூபா கேட்டாள். ஆறு ரூபாவுக்குச் சில்லறை தேடினதில் பாதி நாள் போனது. கோட் தொடவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

உயிர்த்த ஞாயிறு. ஜெர்மனியின் சார்புறுக்கன் நகரில் 2011 இலிருந்து ஈஸ்டர் நாட்களில் ‘றிவிஷன்’ என்ற டெமோசீன் விழா நடக்கிறது. நேரடி ஒளிபரப்பு. அவர்களுக்கு இரவு எட்டரை, எங்களுக்கு நடுச்சாமம். டேற்றா காட் முடிகிறவரை பார்த்தோம்.

எனக்குப் பிடித்தது ஷேடர் ஷோடவுண். ஷேடர் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணக்கிடுகிற சின்னப் புரோகிராம். இரண்டு பேர், 25 நிமிசம், வெறும் திரையில் தொடங்கி எல்லார் முன்னாலும் கோட் எழுதவேண்டும். எழுத எழுத எழுத்துக்குப் பின்னாலேயே படம் அசைகிறது. பெரும்பாலும் கதிர் நடத்தும் முறை. கண்ணிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கதிர் புறப்படும். கிட்டடியில் இருக்கிற பொருள் எவ்வளவு தூரம் என்று ஒரு சூத்திரம் சொல்லும். அவ்வளவு தூரம் பயமில்லாமல் எட்டி வைக்கலாம், திரும்பக் கேட்கலாம், திரும்ப எட்டலாம். இருட்டுக்குள் ஒழுங்கையில் நடக்கிறவன் கைத்தடியால் தட்டித் தட்டிப் போகிறமாதிரி. 2009 இல் இன்யிகோ கீலெஸும் கூட்டாளிகளும் ‘எலிவேற்றட்’ என்று ஒரு மலைத்தொடரையே, இசையோடு, நாலு கிலோபைட்டுக்குள் கொண்டுவந்தார்கள். நீங்கள் வாசிக்கிற இந்தப் பதிவு அதைவிடப் பல மடங்கு பெரிசு, மலையும் இல்லை.

ஒருவர் 24 ஆவது நிமிசத்தில் ஒரு அடைப்புக்குறியை விட்டுவிட்டார். படம் உறைந்து போனது. முன்பின் தெரியாத அந்த மனிசனுக்காக நானும் மருமகளும் கிளிநொச்சியில் இருந்து “மூடு, மூடு” என்று கத்தினோம். அம்மா எழும்பி வந்து ஜன்னலை மூடினா.

அந்த ராத்திரியில் டைனமோவைப் பற்றின மிச்சக் கதையையும் அவளுக்குச் சொன்னேன். “நான் நினைச்சனான்” என்றாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

250! ஆறு பைட் மிச்சம். தண்ணி அசைகிறது. இரண்டு சைன் அலை ஒன்றையொன்று வெட்ட, மேல் பாதியில் வெய்யில் இறங்குகிறது. பனை வரவில்லை. எத்தனையோ விதமாகப் பார்த்தேன், ஒவ்வொரு பனையும் குடை மாதிரி வந்தது. விட்டுவிட்டேன்.

மெசினுக்குள் ஏற்ற வேறு வழி தேடவில்லை. பைட்டை நேராகவே எழுத விடுகிற டொஸ்ஸின் ‘டிபக்’கைத் திறந்து கையாலேயே அடித்தோம். அவள் வாசிக்க நான் அடிக்க, “பீ சைபர், ஒண்டு மூண்டு, சீ டீ, ஒண்டு சைபர்...” அம்மாவுக்கு அது தேவாரம் மாதிரிக் கேட்டதாம். முதல் தரம் எங்கேயோ ஒரு இலக்கம் பிழைத்து மெசின் உறைந்தது. இரண்டாம் தரம் பெட்டி மொனிற்றரில் தண்ணி வந்தது. லப்டொப்பில் பார்த்த தண்ணி இல்லை இது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உண்மையாகவே ஏதோ நனைந்து கிடக்கிறமாதிரி இருந்தது.

மே 3, சனி

மிச்சம் ஆறு பைட்டில் என்ன செய்யலாம் என்று யோசித்தேன். ஃபைலைப் பிரித்துப் பார்க்கிறவனுக்கு மட்டும் தெரிகிறமாதிரி உள்ளே ஒரு சொல் வைப்பது இந்த ஆட்களின் பழக்கம். ‘ஐயா’ என்று வைக்க ஆசை. ஐ, ய, அரவு. மூன்றுக்கும் ஒன்பது பைட். நல்லகாலம் நாங்கள் ‘அப்பா’ என்று கூப்பிட்டதில்லை, அது பதினைஞ்சு.

மூன்று பைட் வெட்டவேண்டும். எஸ்கேப் தட்டினால் வெளியேறுகிற பகுதியைத் தூக்கினால் ஐந்து மிஞ்சும். மாட்டேன், வந்த வீட்டில் சொல்லிக்கொண்டு போகவேண்டும். மருமகள் அந்தப் பகுதியிலேயே இரண்டு பைட் கட்டளை ஒன்றை ஒரு பைட் கட்டளையாக்கினாள். மற்ற இரண்டையும் நான் ஒரு தசம எண்ணில் எடுத்தேன். நாலு பைட் எண்ணில் முதல் இரண்டு பைட் கடைசித் தசமங்கள். அந்த இடத்தில் எது கிடந்தாலும் அலை மாறாது. அதனால் முன்னாலிருக்கிற கட்டளையின் வாலையே எண்ணின் தலையாக வாசிக்க விட்டேன்.

247. ஒன்பதைச் சேர்த்து 256.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்சநேரம் தண்ணியைப் பார்த்துக்கொண்டு நின்றா.

“ஐயான்ர பேர் எங்க?”

“திரையில வராதம்மா. உள்ளுக்க இருக்கு.”

“ஓம், அவரும் திருத்தின றேடியோவுக்குள்ள பென்சிலால திகதி எழுதித்தான் மூடுறவர்” என்றுவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று குசினிக்குப் போய்விட்டா.