ஹோல்டரும் சென்சாரும் ஒரே இரவில்

பள்ளிப் பருவத்திலிருந்தே டைப் 1 சர்க்கரை நோயுடன் வாழும் எனக்கு, நள்ளிரவில் நெஞ்சு படபடத்து விழிப்புத் தட்டுவது சென்ற ஆண்டு தொடங்கியது. திருமங்கலத்தில் பகலில் எடுத்த ஈசிஜி ஒவ்வொரு முறையும் சரியாகவே இருந்ததால், மனப் பதற்றம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சில நொடிகளே பதிவாகும் ஈசிஜியில், இரவில் வந்து போகும் கோளாறு எப்படிச் சிக்கும்?

மதுரையில் நான் பார்த்த இதய மருத்துவர், படுத்த நிலையிலும் எழுந்து நின்றதும் இரத்த அழுத்தத்தை அளந்தார். ஆழமாக மூச்சை இழுத்து விடச் சொல்லி, அதற்கேற்ப நாடித்துடிப்பு கூடிக் குறைகிறதா என்றும் கவனித்தார். நெடுநாள் சர்க்கரையால் இதயத்துக்குச் செல்லும் தன்னியக்க நரம்புகள் பழுதாகியிருந்தால் அந்த ஏற்ற இறக்கம் மங்கிவிடுமாம். டைப் 1 உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறும் சேர்ந்து வரக்கூடும் என்பதால் அதற்கும், பொட்டாசியத்துக்கும் இரத்தம் எடுத்தார்கள். இதயத்தின் ஸ்கேனான எக்கோவும் பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தன.

அடுத்து, உடலில் மாட்டிக்கொண்டு இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதியும் 24 மணி நேர ஹோல்டர் கருவி. கையில், சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் ஒட்டியிருக்கும்போதே அதையும் மாட்ட வேண்டும் என்று நான் வற்புறுத்திக் கேட்டேன். சித்திரை வெக்கையில் வியர்த்து ஒட்டுகள் பிரிந்துவிடாமல் இருக்க, டெக்னீஷியன் அக்கா ஸ்பிரிட் பஞ்சால் நெஞ்சைத் துடைத்து, வயர்களின் மேல் பிளாஸ்திரியும் போட்டார். கருவியின் கடிகாரம் என் கைபேசியைவிடச் சற்றுப் பின்தங்கியிருந்ததைப் பார்த்து, அந்த வித்தியாசத்தைக் குறிப்புத் தாளின் தலைப்பிலேயே எழுதிக் கொடுத்தார். இரண்டு பதிவுகளையும் ஒப்பிட இதுதான் ஆதாரம். இதைக் கேட்டு வாங்காமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம்.

அன்றிரவு இரண்டரை மணியளவில் சென்சார், சர்க்கரை 52 என்று காட்டி ஒலித்தது. சென்சார் இரத்த அளவைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கும் என்பதால், விரலில் குத்தியும் பார்த்து, குளுக்கோஸ் கரைத்துக் குடித்துவிட்டு நேரத்தைக் குறித்தேன். ஹோல்டர் அறிக்கையில் அதே நேரத்தில்தான், இதயத்தின் கீழறையிலிருந்து எழும் கூடுதல் துடிப்புகள் கொத்தாக இருந்தன. சர்க்கரை இறங்கும்போது அட்ரினலின் பாய்ந்து, இரத்தத்திலுள்ள பொட்டாசியம் செல்களுக்குள் போய்விடுவதால், துடிப்புக்குப் பின் இதயம் மறுபடி தயாராகும் நேரம் நீண்டு, தாளம் தவறுகிறது என்று மருத்துவர் விளக்கினார்.

படபடப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர், லோ சுகரின் முன்னறிவிப்பையும் மறைக்கக்கூடும் என்பதால் அதை அவர் எழுதவில்லை. அறிக்கையைப் பார்த்த சர்க்கரை மருத்துவர் இரவு இன்சுலின் அளவைக் குறைத்து, சென்சார் அலாரத்தை 70-லிருந்து 80-க்கு உயர்த்தியிருக்கிறார்.